தேவையில்லாத செய்தி

சுங்கை சிப்புட்,
12 ஆகஸ்டு 2018

அன்புத் தங்கை நாகுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் லோஷினியும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். மற்றதை நீயே அறிவாய். நீ பஸ் ஏறி இன்றோடு பதினான்கு நாள். சிங்கப்பூருக்குக் கடிதம் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று அஞ்சலகத்தில் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "வாட்ஸ்அப் இல்லீங்களா டீச்சர்?" என்றாள். என்னிடம் படித்தவள்தான். படிக்கும்போதும் அப்படித்தான், கேட்ட கேள்விக்குப் பதில் வராது.

இந்தப் பேச்சைப் போனில் வைத்துக்கொள்வதில்லை என்று நாம் முடிவு செய்தது சரிதான். இந்த வீட்டில் ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும். என் போனின் பூட்டையும் உன் மகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு வரும் செய்தியை எனக்கு முன்னால் அவள் படிக்கிறாள். ஆகவே போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா மட்டும். மற்றதெல்லாம் தாளில் இருக்கட்டும். நீயும் பள்ளிக்கூட முகவரிக்கே எழுது.

தேதி கொடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 18, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, ஈப்போவில். போலீஸ் நிலையத்தில் இல்லை. பிள்ளைகளிடம் பேசுவதற்கென்றே ஒரு வீடு வைத்திருக்கிறார்கள். நலத்துறை அதிகாரி புவான் ரொஹானா என்னை அழைத்துப் போய்க் காட்டினார். சோபா, பொம்மைகள், சுவரில் மீன் படம், மேலே இரண்டு கேமரா. இதற்கென்று பயிற்சி பெற்ற பெண் அதிகாரி ஒருவர், சாதாரண உடையில், தமிழிலேயே பேசுவாராம். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். கோர்ட்டில் அந்தப் படம்தான் லோஷினியின் வாக்குமூலம். வேறு கண்ணால் பார்த்த சாட்சி நமக்குக் கிடையாது என்று புவான் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நாம் உள்ளே போகக்கூடாது, வெளியேதான் உட்கார வேண்டும்.

"டீச்சர், அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க, ஒண்ணும் சொல்லியும் குடுக்காதீங்க. நல்லாத் தூங்க வைங்க, பசியாற வைங்க, கூட்டிட்டு வாங்க. உங்க வேலை அவ்வளவுதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்து மேடை ஏற்றுகிறவள் நான். என்னைப் போய்ச் சும்மா இரு என்கிறார்.

அவள் சாப்பிடுகிறாள். பள்ளிக் காலணியை மட்டும் படுக்கும் வரை கழற்றுவதில்லை. "இருக்கட்டும் பெரியம்மா" என்கிறாள். பள்ளி வேனை நிறுத்திவிட்டு இப்போது நான்தான் காரில் அழைத்துப் போகிறேன். ஆனாலும் காலை ஆறே கால் மணிக்குத் தெருவில் ஏதாவது ஒரு வேன் ஹாரன் அடித்தால் குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறாள். வாளி நிரம்பி வழிகிறது.  அந்த வேன்காரன் ஜாமீனில் வந்து வெளியூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறானாம். வேன் தெருமுனையில் படுதா போட்டு மூடிக் கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறோம். 

லீவுக்கு இப்போதே சொல்லிவை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
தவமலர்


உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்,
19 ஆகஸ்டு 2018

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. கூடத் தங்கியிருக்கும் மியன்மார்ப் பெண் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இது அச்சடித்ததா என்று கேட்டாள். என்னுடையது கோழி கிளறியது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் படி.

லீவு கேட்டேன். "போன மாசம்தானே போயிட்டு வந்தே? யாருக்குச் சீக்கு?" என்றார் சூப்பர்வைசர். எனக்குத்தான் என்றேன். முகத்தைப் பார்த்தார், மேலே எதுவும் கேட்காமல் மூன்று நாள் எழுதிக் கொடுத்துவிட்டார். என் முகம் அப்படி இருக்கிறது போல.

பன்னிரண்டு மணி நேரம் பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னத் தகடுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பழுதானதைப் பொறுக்கி எடுப்பதுதான் என் வேலை. ஆறு வருடமாகச் செய்கிறேன், ஒன்றும் தப்பியதில்லை. பெற்ற பிள்ளைக்கு நடந்தது மட்டும் என் கண்ணில் படவில்லை. அன்றைக்கு நான் முடி வாரிக்கொண்டிருந்தபோது அவள் திரும்பாமலே, "அம்மா, எனக்கு வேன் வேணாம்" என்றாளே, அந்தச் சீப்பு இன்னும் என் கையில் இருப்பது போலவே இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் எழுத மாட்டேன். அவன் பெயரையும் எழுத மாட்டேன்.

நேற்று இடைவேளையில் புவான் ரொஹானாவுக்குப் போன் போட்டேன். நன்றாக விளக்கிச் சொன்னார். தைரியமாக இரு என்றுகூட அவளிடம் சொல்லக்கூடாதாம், சொன்னால் அது பயப்பட வேண்டிய இடம் என்று நினைத்துக்கொள்வாளாம். நன்றாகப் பேசினால் பொம்மை வாங்கித் தருகிறேன் என்பதும் கூடாது. முந்தின நாள் ஒரே ஒரு முறை இப்படிச் சொன்னால் போதும்: "பிள்ளைங்ககிட்ட பேசுறதுதான் அந்த அக்காவோட வேலை. நடந்தது நடந்தபடி உனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம். சொல்லப் பிடிக்கலன்னா அதையும் சொல்லலாம். நீ ஒரு தப்பும் பண்ணல." அவ்வளவுதான். அக்கா, தயவுசெய்து அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

இன்னொன்று. இதற்கு முன் அவள் யாரிடமாவது சொல்லியிருக்கிறாளா என்று புவான் கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். உன்னிடம் ஏதாவது, அரைகுறையாகவாவது சொன்னாளா? யோசித்து எழுது.

அவளுக்கு ஒரு முத்தம் கொடு. யார் கொடுத்தது என்று கேட்டால் சொல்.

உன்
நாகு


சுங்கை சிப்புட்,
27 ஆகஸ்டு 2018

அன்புத் தங்கைக்கு,

முத்தம் கொடுத்தேன். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா குடுத்தா இப்படி ஈரமா இருக்காது" என்றாள். வாய் அப்படியேதான் இருக்கிறது, கவலைப்படாதே.

விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. விடுமுறையில் அவளை எங்கும் அனுப்பவில்லை. இரண்டு பேரும் மீ கோரிங் செய்தோம், அலமாரி அடுக்கினோம். எண்ணெய் வைத்துக் குளிப்பாட்ட முதுகுப் பக்கம் நின்றேன், துள்ளி விலகினாள். பிறகு, "நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு அவளாகவே தலையைக் காட்டினாள். இந்தக் கையை இனி முன்னால் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் அவள் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதைக் கற்றுக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இது சத்தியம். ஒரு புது நோட்டுப் புத்தகம் மட்டும் கொடுத்தேன். உனக்கு ஞாபகம் இருப்பதை ஒரு கட்டுரை மாதிரி எழுது என்றேன். எழுதச் சொல்வது கேட்பது ஆகாது அல்லவா? அரை நாள் உட்கார்ந்து எழுதினாள். எழுத்துப் பிழையைத் திருத்தினேன், முன்பின்னாக இருந்ததை வரிசைப்படுத்தினேன், புதிதாக எதையும் நுழைக்கவில்லை. பிறகு நல்ல பிரதியாக எடுத்து எழுத வைத்தேன்.

நாகு, கோபப்படாமல் யோசித்துப் பார். முகம் தெரியாத ஒருத்தி, மூடிய அறை, கேமரா. பிள்ளை திக்கிப் போனால்? பாதியில் அழுதுவிட்டால்? கேட்கிறவர்களுக்கு இது பொய் என்று தோன்றிவிடாதா? அவன் ஊரெல்லாம் நல்லவன் என்று பெயர் எடுத்தவன். கோயில் அன்னதானத்துக்கு மூட்டை தூக்குகிறவன். அவனுக்கு எதிரே என் பிள்ளை தடுமாறக்கூடாது. இன்றைக்குத் தடங்கல் இல்லாமல் நாலு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். குரல் மட்டும் தாழ்ந்துவிடுகிறது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, சரியாகிவிடும்.

நீ கேட்டதற்குப் பதில்: என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

அன்பு அக்கா,
தவமலர்


உட்லண்ட்ஸ்,
3 செப்டம்பர் 2018

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்? நிறுத்து. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த நிமிடம் நிறுத்து. ஒரு நாள்கூட அவளை நிற்க வைத்துச் சொல்ல வைக்காதே. நாலு நிமிடமாம், தடங்கல் இல்லையாம். இது மாவட்டப் போட்டியா அக்கா? நடுவர் மணி அடிப்பாரா?

புவானுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.  "திக்கினாலும் பரவால்ல, அழுதாலும் பரவால்ல. புள்ள புள்ள மாதிரி பேசினாதான் நம்புவாங்க. மனப்பாடமா ஒப்பிச்சா யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு ஆயிடும்" என்றார். நோட்டைக் கிழிக்கவும் கூடாது, ஒளிக்கவும் கூடாது. அப்படியே கொண்டு வந்து விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்றார்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் இப்படித்தான் செய்தாய். ஆறாம் ஆண்டில் நான் மேடையில் விக்கித்து நின்றபோது முதல் வரிசையில் உட்கார்ந்து நீதான் உதட்டை அசைத்தாய், நான் உன் வாயைப் பார்த்தே பேசி முடித்தேன். கோப்பையும் வாங்கினேன். அன்றைக்கு என்ன பேசினேன் என்று எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. உன் வாய் மட்டும்தான் தெரியும். லோஷினிக்கு அது வேண்டாம் அக்கா. அவளுக்கு நடந்தது அவளிடம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு உன் வாயை அங்கே வைத்துவிடாதே.

உன் மேல் கோபம்தான். இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

நாகு


சுங்கை சிப்புட்,
9 செப்டம்பர் 2018

நாகு,

நிறுத்திவிட்டேன். நோட்டு அலமாரியில் இருக்கிறது.

நிறுத்திய முதல் நாள் மாலை அவளாகவே வந்து கூடத்தின் நடுவில் நின்றாள். "இன்னிக்குப் பயிற்சி இல்லையா?" என்றாள். இனிமேல் இல்லை என்றேன். "நான் நல்லாச் சொல்லலியா?" என்றாள். நல்லாத்தான் சொன்னே, ஆனா அது வேணாம், மறந்துடு என்றேன். 

"எதை மறக்கணும் பெரியம்மா? நீங்க சொல்லிக் குடுத்ததையா, அதையா?"

 அடுப்பில் ஏதோ வைத்த மாதிரி உள்ளே போய்விட்டேன். இப்போது துணி மடிக்கும்போதும் காரில் வரும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். ஆனால் அந்த அசைவு எனக்குத் தெரியும். எந்த வாக்கியத்தில் இருக்கிறாள் என்றுகூடச் சொல்லிவிடுவேன். வீட்டில் ஏதோ ஒன்று நடமாடுகிற மாதிரி இருக்கிறது. அது நான் கொண்டு வந்து விட்டதுதான்.

நீ வந்துவிடு.

அக்கா


உட்லண்ட்ஸ்,
23 செப்டம்பர் 2018

அக்கா,

ஊரில் இருந்த மூன்று நாளும் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. பேசினால் பிள்ளைக்கு முன்னால் கத்தியிருப்பேன். இப்போது எழுதுகிறேன்.

அவள் நன்றாகத் தூங்கினாள், நாசி லெமாக் சாப்பிட்டாள், நான் சொல்ல வேண்டிய நாலு வரியைச் சொன்னேன், எல்லாம் முறைப்படித்தான் நடந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகலாம் என்றார்கள். கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. பெற்றவள் நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், அவள் என்னைத் தாண்டி உன்னிடம் போனாள். "சரியாச் சொன்னேனா பெரியம்மா?" என்றாள். நீ தலையாட்டினாய். சாகிறவரை எனக்கு அது மறக்காது.

உள்ளே என்ன நடந்தது என்று முழுதாக நம்மிடம் சொல்ல மாட்டார்கள். மறுநாள் காலை விசாரணை அதிகாரி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல முடிந்ததைச் சொன்னார். சோபாவில் உட்காரச் சொன்னால் எழுந்து நின்றாளாம். கையைக் கூப்பி வணக்கம் சொல்லித் தொடங்கினாளாம். "உக்காந்துக்கிட்டே பேசலாம்மா" என்றதற்கு, "நின்னுதான் சொல்லணும்" என்றாளாம். நாலு நிமிடத்தில் முடித்துவிட்டாள். அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "பெரியம்மா அதுவரைக்கும்தான் எழுத வச்சாங்க" என்றாளாம்.

இந்தப் படம் கோர்ட்டில் ஓடினால் அவனுடைய வக்கீல் எழுந்து நிற்கக்கூட வேண்டியதில்லையாம். அவன் வீட்டுக்குப் போவான். படுதாவை எடுத்துவிட்டு வேனைக் கிளப்புவான். வேறு யார் வீட்டுப் பிள்ளையோ முன் சீட்டில் ஏறும்.

இன்னும் இருக்கிறது. இதை யாரிடமாவது முன்பே சொன்னாயா என்று அந்த அதிகாரி கேட்டாராம். லோஷினி சொன்ன பதில் இது: "அது தேவையில்லாத செய்தி."

ஒன்பது வயதுப் பிள்ளை இப்படிப் பேசுமா? கட்டுரை நோட்டின் ஓரத்தில் நீ சிவப்பு மையில் எழுதுகிற வார்த்தை இல்லையா இது? நீ கொடுத்த நோட்டில் முதல் இரண்டு தாள் இல்லை என்றும் அதிகாரி அம்மா சொன்னார். கிழித்த அடித்தாள் தைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். உன்னிடம் கேட்டபோது நீ தெரியாது என்றாயாம்.

இன்னொரு முறை பேச வைத்துப் பார்க்கலாம், வேறு அதிகாரி, அக்டோபர் 16 என்று சொல்லியிருக்கிறார்கள். அதுதான் கடைசி. நான் வேலையை விட்டுவிட்டேன். சனிக்கிழமை வந்து அவளை ஈப்போவுக்கு அழைத்துப் போகிறேன். புவான் ஓர் அறை பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

அந்தத் தாளில் என்ன இருந்தது?

நாகு


சுங்கை சிப்புட்,
1 அக்டோபர் 2018

நாகு,

சனிக்கிழமை வாசலில் நின்று மறுபடியும் கேட்டாய். அவள் காரில் உட்கார்ந்திருந்தாள், நீ பையைத் தூக்கிக்கொண்டு நின்றாய்.  கார் திரும்பும் வரை நின்றேன். அவள் கை காட்டினாள்.

நான் ஆகஸ்டு மாதக் கடிதத்தில் உனக்குப் பொய் எழுதினேன். அவள் என்னிடம் சொன்னாள். மார்ச் மாதம், மாநிலப் போட்டிக்கு முந்தின வாரம். பயிற்சி முடிந்து வேனுக்காகப் பள்ளி வாசலில் நின்றோம். "நான் வேன்ல முன்னுக்கு உக்கார மாட்டேன் பெரியம்மா" என்றாள். ஏன் என்றேன். "அங்கிள் நல்லவர் இல்ல" என்றாள். ஏன் என்று இன்னும் ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. போட்டிக்கு ஆறு பிள்ளைகளை ஏற்றிப் போக அந்த வேனைத்தான் நம்பியிருந்தேன். நாலு பெற்றோர்கள் பக்கத்தில் நின்றார்கள், அவர்கள் காதில் விழுந்துவிட்டதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. "பெரியவங்கள அப்படிப் பேசுவாங்களா? வாய் ரொம்ப நீண்டு போச்சு" என்றேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வேன் வந்ததும் அவளை அவன் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தேன். எந்தப் பிள்ளை மரியாதை தவறினாலும் நான் செய்வதுதானே. அவளும் கையைக் கட்டிக்கொண்டு, "உங்களைத் தவறாகப் பேசியதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்" என்று திருத்தமாகச் சொன்னாள். உச்சரிப்பு நன்றாக இருந்தது என்று நினைத்தேன், நாகு. அப்படி நினைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவன், "பரவால்ல டீச்சர், சின்னப் புள்ளதானே" என்று சிரித்து அவள் தலையைத் தடவினான். நானும் சிரித்தேன். நானே முன் கதவைத் திறந்து அவளை ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு ஜூலை வரை எத்தனை பள்ளி நாட்கள் என்று நாட்காட்டியை வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கையை உனக்கு எழுத எனக்குத் தெம்பில்லை.

இதை அவள் நோட்டில் எழுதியிருந்தாள். ஒரே பத்தி. "நான் பெரியம்மாவிடம் சொன்னேன். பெரியம்மா என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்." என் மேல் குற்றம் சொல்லக்கூட அவள் எழுதவில்லை. நடந்தது என்பதால் எழுதினாள். நான் சிவப்புப் பேனாவால் அதைக் குறுக்கே அடித்து, தேவையில்லாத செய்தி என்று ஓரத்தில் எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நல்ல பிரதியில் அதை விட்டுவிட்டாள். தடுமாறக்கூடாது என்று பயிற்சி கொடுத்ததாக உனக்கு எழுதினேனே, அதில் பாதிதான் உண்மை. அந்த ஒரு பத்தி வாயில் வந்துவிடக்கூடாது என்று அவளைப் பதினைந்து முறை சொல்ல வைத்தேன். எனக்கே இது நேற்றுத்தான் புரிந்தது, அல்லது நேற்றுத்தான் ஒப்புக்கொண்டேன்.

தாள்களைக் கிழித்தேன், ஆனால் எரிக்கவில்லை. அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். இன்று காலை லீவு போட்டுவிட்டு ஈப்போவுக்குப் போய் விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். நானும் வாக்குமூலம் கொடுத்தேன். பள்ளிக்குத் தெரியவரும், என்ன நடக்குமோ நடக்கட்டும். நீங்கள் மறைத்ததுதான் அவள் சொல்வதற்குத் துணையாக நிற்கும் செய்தி என்றார் அந்த அம்மா. மார்ச் மாதமே அவள் ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறாள் என்பதற்கு நான்தான் சாட்சி. கோர்ட்டில் சொல்வீர்களா என்றார். சொல்வேன் என்றேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்து அந்தச் சொல்லிடம் வந்ததும் பேனா நிற்கிறது. அதை ஒரு பிள்ளையின் வாயில் திணித்தவள் நான். எனக்கு வேண்டும் என்று எப்படிக் கேட்பேன்?

லோஷினியிடம் யாராவது சொல்ல வேண்டும், அந்தப் பத்தி தேவையான செய்திதான் என்று. நான் சொன்னால் அதுவும் சொல்லிக் கொடுத்ததாகிவிடுமா? புவானைக் கேட்டுச் செய்.

தவமலர்


ஈப்போ,
21 அக்டோபர் 2018

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. முதல் வாரம் எழுதியிருந்தால் நீ படிக்க முடியாத வார்த்தைகளை எழுதியிருப்பேன். இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

புவானைக் கேட்டேன். உன் செய்தியை அவளிடம் நாம் யாரும் கொண்டுபோக வேண்டாம் என்றார். 16ஆம் தேதி உள்ளே போகும்போது புது அதிகாரி அவளிடம் பொதுவாகச் சொன்னாராம்: இங்கே தேவையில்லாதது என்று எதுவும் கிடையாது, எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம் என்று. ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. நான் வெளியே உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் உன்னை நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டும் போலவும் இருந்தது.

வெளியே வந்தபோது முகமெல்லாம் வீங்கியிருந்தது. தரையில் உட்கார்ந்து பேசினாளாம். நிறையத் திக்கினாளாம், நடுவில் அழுதாளாம், இரண்டு இடத்தில் ஞாபகம் இல்லை என்றாளாம். "இந்தத் தடவை அவளே பேசினா" என்றார் அதிகாரி அம்மா. கோர்ட்டில் வழக்கு நிலைக்கும் என்று நினைக்கிறார். முதல் படத்தைக் காட்டி அவன் பக்கம் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள், அப்போது நீ வந்து சொல்ல வேண்டியிருக்கும். சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதில் உன்னை நம்புகிறேன்.

மற்றதைச் சொல்கிறேன். நான் ஊரில் இல்லாத ஆறு வருடம் என் பிள்ளைக்குச் சோறு ஊட்டியவள் நீ. அது இல்லையென்று ஆகாது. அந்தக் கையால்தான் வேன் கதவையும் திறந்தாய். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு முடியவில்லை அக்கா. ஒன்றைப் பார்த்தால் மற்றது வந்து நிற்கிறது. மன்னித்தேன் என்று எழுதினால் அது பொய்யாக இருக்கும், நாம் இரண்டு பேரும் ஏற்கெனவே போதுமான பொய் எழுதிவிட்டோம். நானும்தான். எனக்குத் தெரிந்து இல்லை என்று புவானிடம் சொன்னபோதே உன்னிடம் சொல்லியிருப்பாளோ என்று ஒரு சந்தேகம் இருந்தது, அதை உன்னிடம் அழுத்திக் கேட்கப் பயந்தேன்.

இப்போதைக்கு நீ வர வேண்டாம். அவளுக்கு எழுதவும் வேண்டாம். போய்ப் பெரியம்மாவைப் பார் என்று நான் அவளை அனுப்ப மாட்டேன், போகாதே என்று தடுக்கவும் மாட்டேன். என்றைக்காவது அவளாகக் கேட்டால் நானே அழைத்து வருகிறேன். அது அடுத்த மாதமாகவும் இருக்கலாம், நீ கிழவியான பிறகாகவும் இருக்கலாம். இதில் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். யாருக்கு என்றாள், சொன்னேன். பெரியம்மாவிடம் சொல்ல உனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.  என் முகத்தைப் பார்த்தாள், எந்தப் பதில் எனக்கு வேண்டும் என்று தேடுகிற மாதிரி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்லலாமாம்மா?"

"சொல்லலாம்."

"அப்ப ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

நாகேஸ்வரி